முதலில் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படியுங்கள்

மின்வாரியக் கம்பி எட்டாத இடத்தில் சோலார் பேனலையும் பேட்டரியையும் மட்டும் நம்பி மூன்று ஃபேஸ் மின்சாரம் எடுக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய சேர்ந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மர வேலைப் பட்டறையும் அதை ஒட்டி வீடும் இருக்கிறது. மின் இணைப்பு கிடையாது. இதுவரை டீசல் ஜெனரேட்டர்தான். 5 ஹெச்.பி. இழைப்பு இயந்திரம், 3 ஹெச்.பி. அறுவை இயந்திரம், 2 ஹெச்.பி. தூசி உறிஞ்சி, எல்லாமே மூன்று ஃபேஸ். "மொத்தம் 10 ஹெச்.பி., அதாவது ஏழரை கிலோவாட். 15 கே.வி.ஏ. (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி ஆயிரத்தில் சொல்லும் அளவு) இன்வெர்ட்டர் தாராளம்" என்கிறார் கடைக்காரர். அதையும் ஒரே மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டராக வாங்குவதா, 5 கே.வி.ஏ. சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மூன்றைச் சேர்த்துக்கொள்வதா?

பதில்: கடைக்காரரின் கூட்டலில் தவறில்லை. ஓடுகிற மோட்டாரை எண்ணிவிட்டார், கிளம்புகிற மோட்டாரை எண்ண மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதே கணக்கைப் போட்டு நானும் ஒரு பட்டறையில் 15 கே.வி.ஏ. மாட்டியிருக்கிறேன். வேலை முடிந்ததும் பச்சைப் பட்டனை நானே பெருமையாக அழுத்தினேன். 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு உறுமல் உறுமியது, விளக்குகள் மங்கின, அடுத்த கணம் பட்டறையே இருட்டு. இன்வெர்ட்டர் திரையில் ஓவர்லோடு. உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை, பழைய ஜெனரேட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது போதாதா? கிளாம்ப் மீட்டரை உச்ச அளவைப் பிடிக்கும் நிலையில் வைத்து, ஜெனரேட்டரில் அதே மோட்டாரைக் கிளப்பிப் பார்த்தேன். 51 ஆம்ப். நேம் பிளேட்டில் இருந்ததோ ஏழரை ஆம்ப்.

நேரடி ஸ்டார்ட்டரில், அதாவது டி.ஓ.எல்.-இல் கிளம்பும் மோட்டார், தன் ஓட்ட ஆம்பைப் போல் ஆறிலிருந்து எட்டு மடங்கு வரை இழுக்கும். 15 கே.வி.ஏ. என்பது மூன்று ஃபேஸுக்கும் சேர்த்துத்தான். ஒரு ஃபேஸுக்கு 5 கே.வி.ஏ., 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்ப். சில நொடிகளுக்கு இரண்டு மடங்கு தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 44 ஆம்ப்தான் வருகிறது. 51 கேட்டால் எங்கே போகும்? இழைப்பு இயந்திரத்தில் கனமான கத்தி உருளை வேறு. அது வேகம் பிடிக்க நேரமாகும், அதுவரை இழுப்பு குறையாது.

இதற்கு இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவது கடைசி வழி. முதல் வழி ஸ்டார்ட்டரை மாற்றுவது. ஸ்டார்-டெல்டா (வைண்டிங்கை முதலில் ஸ்டாராகவும், வேகம் பிடித்ததும் டெல்டாவாகவும் இணைக்கும் ஸ்டார்ட்டர்) போட்டால் கிளம்பும்போது இழுப்பு மூன்றில் ஒன்றாகும், கூடவே முறுக்கு விசையும் மூன்றில் ஒன்றாகும். வெறும் உருளையைச் சுழற்ற அது போதும். ஆனால் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குத் தாவும் நொடியில் ஒரு குட்டி இழுப்பு உண்டு, அவசரப்பட்டு மாற்றினால் அந்த இடத்தில் ட்ரிப் ஆகும். என் விருப்பம் வி.எஃப்.டி., அதாவது மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் கருவி. அது மோட்டாரைக் குறைந்த ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல 50-க்கு ஏற்றிக்கொண்டு போவதால், இன்வெர்ட்டர் பக்கம் ஆம்ப் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறும். மேலே சொன்ன பட்டறையில் வி.எஃப்.டி. வைத்து 8 நொடி ஏற்றம் கொடுத்த பிறகு, அதே 15 கே.வி.ஏ.-வில் அதே மோட்டார் சத்தமில்லாமல் கிளம்பியது. வி.எஃப்.டி.-யின் உள்ளே வரும் பக்கத்தில் ஒரு சோக் (மின்னோட்டத்தின் திடீர் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் சுருள்) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது மின்சாரத்தைத் துண்டு துண்டாகக் கடித்து இழுக்கும், இன்வெர்ட்டருக்கு அது பிடிக்காது.

சரி, ஒன்றா மூன்றா? ஒரே பெட்டியாக வரும் மூன்று ஃபேஸ் ஹைப்ரிட் வகையில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. எடை குறைவு, வயரிங் எளிது, பேனலுக்கான எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து அதிகபட்ச சக்தியை எடுக்கும் பகுதி) உள்ளேயே இருக்கும். திடீர் இழுப்பைத் தாங்கும் தெம்பு மட்டும் கம்மி. மூன்று தனி இன்வெர்ட்டர்களைச் சேர்க்கும் முறையில் ஒன்று தலைவன், மற்ற இரண்டும் தகவல் கேபிள் வழியாக அதைப் பின்பற்றி 120 டிகிரி தள்ளித் தள்ளி அலையைத் தரும். செப்புச் சுருளுடன் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகையை எடுத்தால் மோட்டார் இழுப்பை நன்றாகவே தாங்கும். எந்த சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டரையும் இப்படிச் சேர்த்துவிட முடியாது. மூன்று ஃபேஸாக அமைக்கலாம் என்று தயாரிப்பாளரே கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். மாடலும் மென்பொருள் பதிப்பும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"மூன்று தனித்தனி என்றால் ஒன்று கெட்டாலும் இரண்டு ஓடும்" என்று சொல்லி விற்கிறார்கள். மோட்டார் உள்ள இடத்தில் அப்படி ஓடவிடக் கூடாது. ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் மீதி இரண்டிலிருந்தும் சுமார் 1.7 மடங்கு இழுத்து வைண்டிங்கை எரித்துக்கொள்ளும். அதனால்தான் ஒழுங்கான செட் என்றால் ஒன்று நின்றதும் மூன்றும் நின்றுவிடும். தனி இன்வெர்ட்டரின் உண்மையான லாபம் அடுத்த நாள்தான் தெரியும். கெட்டதைக் கழற்றிவிட்டு, மீதி ஒன்றைச் சிங்கிள் ஃபேஸாக அமைத்து வீட்டு விளக்கையும் குளிர்பெட்டியையும் ஓட்டிக்கொள்ளலாம். ஒரே பெட்டி கெட்டால் அது சர்வீஸுக்குப் போய்த் திரும்பும்வரை மெழுகுவர்த்திதான்.

நஷ்டம் ஒன்றும் உண்டு. இன்வெர்ட்டர் சும்மா நின்றாலும் கொஞ்சம் தின்னும். ஒன்றுக்கு 40 வாட் என்றால் மூன்றுக்கும் 120 வாட், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2.9 யூனிட். சின்ன வீடு ஒன்றின் இரவுச் செலவே அவ்வளவுதான் இருக்கும். டேட்டா ஷீட்டில் சுமையில்லா நேரச் செலவு என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை.

உங்களுக்கு என் யோசனை: 5 ஹெச்.பி.-க்கும் 3 ஹெச்.பி.-க்கும் வி.எஃப்.டி. போட்டுவிட்டு, தனி இன்வெர்ட்டர் மூன்று. ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்து வீட்டில் எல்லாமே சிங்கிள் ஃபேஸ். ஒரே ஒரு 2 ஹெச்.பி. பம்ப் மட்டும் மூன்று ஃபேஸ். அதற்காக மூன்று இன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு பம்புக்காக வீடு முழுவதையும் மூன்றாகப் பிரித்துத் தலைவலியை விலைக்கு வாங்காதீர்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. கிடைக்கிறது, உங்கள் 2 ஹெச்.பி. அதற்குள் அடங்கும். ஆனால் வாங்கும் முன் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். 230/400 என்றும், அதன் பக்கத்தில் முக்கோணமும் ஒய் வடிவமும் போட்டிருந்தால், இணைப்புத் தகட்டை முக்கோணத்துக்கு, அதாவது டெல்டாவுக்கு மாற்றி 230-இல் ஓட்டலாம். 400 அல்லது 415 மட்டுமே போட்டு, வெளியே மூன்றே வயர் வந்தால் இந்த வழி அடைபட்டது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் பல இந்த ரகம். அதற்குப் பேனலிலிருந்தே நேரடியாக ஓடும் சோலார் பம்ப் கன்ட்ரோலர் இருக்கிறது. பேட்டரியே வேண்டாம், வெயில் அடிக்கும்போது தொட்டி நிறையட்டும். தண்ணீர்த் தொட்டியைவிட மலிவான பேட்டரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிணறு ஆழமாக இருந்து வி.எஃப்.டி.-யிலிருந்து மோட்டார் வரை கேபிள் நீளமாகப் போனால், வெளியே போகும் பக்கத்தில் ஃபில்டர் அவசியம். நீளமான கேபிளில் வோல்டேஜ் துடிப்புகள் மோதித் திரும்பி வைண்டிங்கின் காப்பைத் துளைத்துவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டரின் பெயரிலேயே 5000 என்று இருக்கிறது. 4200 வாட் போட்டதும் கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை, எழுத்து சின்னது. பெயரில் இருப்பது வி.ஏ., வாட் அல்ல. விக்ட்ரான் மல்டிபிளஸ்-2 வகையில் 5000 என்று பெயருள்ள மாடலின் டேட்டா ஷீட்டை எடுத்துப் பாருங்கள். 25 டிகிரியில் தொடர்ந்து 4000 வாட், 40 டிகிரியில் 3700 வாட் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மற்ற தயாரிப்புகளும் இதற்கு ரொம்ப விலகிப் போகாது. ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிற தயாரிப்பாளரையே நான் தேடுவேன். 25 டிகிரி என்பது பெட்டியைச் சுற்றியுள்ள காற்று, ஊரின் வெப்பநிலை அல்ல. தகரக் கூரைக்கு அடியில் சன்னல் இல்லாத அறையில் மூன்றையும் நெருக்கி மாட்டினால், மத்தியானத்தில் நீங்கள் வாங்கியது 5000 அல்ல.

கேள்வி: மூன்று ஃபேஸ், மொத்தம் 12 கிலோவாட். மீட்டரில் 6 கிலோவாட் தாண்டுவதே இல்லை. ஆனாலும் மாலையானால் ஓவர்லோடு காட்டி நின்றுவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் இன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்றாதீர்கள். 12 கிலோவாட் என்பது ஒரு குடம் அல்ல, 4 கிலோவாட் பிடிக்கும் மூன்று செம்புகள். ஒரு செம்பு வழிந்தால் பக்கத்துச் செம்பு காலியாக இருப்பதில் பயனில்லை. சில மாடல்கள் மட்டும் ஒரு ஃபேஸில் மொத்தத்தில் பாதிவரை அனுமதிக்கும். உங்களுடையது அந்த ரகமா என்று கையேட்டில் பாருங்கள்.

மாலை நேரத்தில் பேனல் போர்டைத் திறந்து, ஒவ்வொரு ஃபேஸ் கம்பியிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதுபோன்ற ஒரு வீட்டில் நான் பார்த்த அளவுகள்: முதல் ஃபேஸ் 21 ஆம்ப், இரண்டாவது 3, மூன்றாவது 1. வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் மூன்றும் ஒரே ஃபேஸில். வயரிங் செய்தவர் அறை அறையாகப் பிரித்திருந்தார், பொருளைப் பார்த்துப் பிரிக்கவில்லை. ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஆளுக்கொரு ஃபேஸுக்குத் தள்ளியதும் வேலை முடிந்தது. அரை நாள் கூலி, ஒரு சுருள் வயர்.

அந்தப் பெட்டியைத் திறந்தே விட்டீர்கள் என்றால், நியூட்ரல் திருகையும் இறுக்கிவிடச் சொல்லுங்கள். சமமில்லாத லோடில் நியூட்ரல் கழன்றால், லேசான ஃபேஸில் இருக்கும் பொருள்கள் மீது 400 வோல்ட் வரை ஏறும். டி.வி., சார்ஜர், குளிர்பெட்டி எல்லாம் ஒரே நொடியில் புகையும். இன்னொன்று: ஆஃப்-கிரிட்டில், அதாவது வெளி மின் இணைப்பே இல்லாத இடத்தில், நியூட்ரலை எர்த்தோடு இணைத்துத் தர வெளியே யாரும் இல்லை, நாம்தான் செய்ய வேண்டும், ஒரே ஒரு இடத்தில். அந்த இணைப்பு இல்லாவிட்டால் யாராவது ஷாக் அடித்து நின்றாலும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேடிக்கைதான் பார்க்கும். இரண்டு இடத்தில் இணைத்தாலோ காரணமே இல்லாமல் ட்ரிப் ஆகும்.

கேள்வி: பழைய இடத்தில் ஓடிய 10 கிலோவாட் கிரிட்-டை இன்வெர்ட்டர் (மின்வாரிய இணைப்போடு, அதாவது கிரிட்டோடு, சேர்ந்தே ஓடும் வகை) கையில் இருக்கிறது. கிரிட் இல்லாத புது இடத்தில் அது உதவுமா?

பதில்: தனியாக உதவாது, துணையோடு உதவும். கிரிட்-டை இன்வெர்ட்டர் பின்பாட்டுக்காரர். யாராவது சுருதி, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், கொடுத்தால்தான் பாடுவார், சுருதி நின்றால் தானும் நின்றுவிடுவார். அந்தச் சுருதியைப் பேட்டரி இன்வெர்ட்டர் கொடுக்க வேண்டும். பேட்டரி நிறைந்ததும் அது ஹெர்ட்ஸை 50-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும். அதைக் கேட்டு கிரிட்-டை தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பழைய இன்வெர்ட்டருக்கு இப்படிக் கேட்டுக் குறைக்கத் தெரியுமா, அமைப்பில் ஆஃப்-கிரிட் நிலை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தெரியாது என்றால், நிறைந்த பேட்டரியோடு அதைக் கட்டிவைப்பது வம்பு.

கிரிட்-டையின் கிலோவாட், பேட்டரி இன்வெர்ட்டரின் கே.வி.ஏ.-வைத் தாண்டக் கூடாது. காரணம் இதுதான்: பெரிய மோட்டார் ஒன்று பட்டென்று நின்றால், அதுவரை அதற்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் அத்தனையும் ஒரு கணம் பேட்டரி இன்வெர்ட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குள் பாய வேண்டும். ஹெர்ட்ஸ் ஏறி கிரிட்-டை அடங்கும்வரை அதைத் தாங்கும் உடம்பு இன்வெர்ட்டருக்கும் வேண்டும், பேட்டரிக்கும் வேண்டும்.

எல்லாப் பேனலையும் இதில் மாட்டிவிடாதீர்கள். கொஞ்சத்தையாவது எம்.பி.பி.டி. சார்ஜர் மூலம் நேராகப் பேட்டரிக்குக் கொடுங்கள். ராத்திரி பேட்டரி காலியாகி இன்வெர்ட்டர் படுத்துவிட்டால், விடிந்த பிறகு சுருதி கொடுக்க ஆளில்லை. கூரை முழுக்க வெயில் அடிக்கும், வீடு இருட்டாகவே இருக்கும். அந்தக் காலையில் பேட்டரியை எழுப்ப நாலு பேனலும் ஒரு எம்.பி.பி.டி.-யும் இருந்தால் போதும்.

கேள்வி: 15 கிலோவாட் மூன்று ஃபேஸுக்கு 48 வோல்ட் லித்தியம் பேட்டரி போதுமா, உயர் வோல்டேஜ் பேட்டரிக்குப் போவதா?

பதில்: 48 வோல்ட்டில் ஓட்டலாம். ஆனால் 15 கிலோவாட் முழுதாக இழுத்தால் 300 ஆம்புக்கு மேல் போகும் என்பதை மறக்காதீர்கள். அந்த ஓட்டத்தில் ஒரு போல்ட் சரியாக இறுகாமல் ஒரே ஒரு மில்லிஓம் தடை இருந்தாலும் அந்த இடத்தில் 90 வாட் சூடு. சால்டரிங் அயர்னை பேட்டரி முனையில் கட்டிவைத்ததற்குச் சமம். டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மூன்று இன்வெர்ட்டருக்கும் பஸ்பாரிலிருந்து (பேட்டரிக் கேபிள்கள் சேரும் உலோகப் பட்டை) சம நீளக் கேபிள் விடுங்கள். லித்தியத்துக்கு சாதாரண ஃபியூஸ் வேண்டாம், கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள். ஷார்ட் ஆனால் லித்தியம் கொட்டும் மின்னோட்டத்தைச் சின்ன ஃபியூஸால் அறுக்க முடியாது.

பேட்டரி எத்தனை யூனிட் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் உள் கட்டுப்பாட்டுப் பலகை) தொடர்ந்து எத்தனை ஆம்ப் விடும் என்று கேளுங்கள். 100 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று 50 ஆம்ப்தான் விடும் என்றால், 300-க்கே ஆறு வேண்டும். நாலு வாங்கினால் இன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே பேட்டரி கதவைச் சாத்திவிடும். பழி மட்டும் இன்வெர்ட்டர் மேல் விழும்.

15 கிலோவாட்டைத் தாண்டி 30, 40 என்று போகும் எண்ணம் இருந்தால் இப்போதே உயர் வோல்டேஜுக்குப் போய்விடுங்கள். கேபிள் மெலிதாகும். ஆனால் அந்தப் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஜோடியாக இருக்க வேண்டும், பின்னால் ஒன்றை மட்டும் மாற்றுவது கஷ்டம். 48 வோல்ட்டில் அந்தச் சுதந்திரம் உண்டு.

கேள்வி: மூன்று ஃபேஸில் அப்படி என்னதான் விசேஷம்? எதற்காக இவ்வளவு பாடு?

பதில்: 1891-இல் ஜெர்மனியில் லாஃபன் என்ற இடத்து நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மூன்று ஃபேஸில் மின்சாரம் கொண்டுவந்து காட்டினார்கள். அதிலிருந்து உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. சிங்கிள் ஃபேஸில் சக்தி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மூன்றையும் சமமாகச் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பி, மொத்தம் ஒரே சீராக இருக்கும். மோட்டார் கண்டென்சர் இல்லாமலே கிளம்பும், அதிர்வு குறையும். பேட்டரிக்கும் இதில் பங்கு உண்டு. சம லோடில் பேட்டரியின் இழுப்பும் சீராகிறது. ஆகவே ஃபேஸ்களைச் சமமாகப் பிரிப்பது ஓவர்லோடுக்காக மட்டுமல்ல.

கேள்வி: புது இன்வெர்ட்டர் செட் மாட்டிய நாளிலிருந்து பம்ப் ஓடுகிறது, ஆம்ப் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் பாதிதான் வருகிறது. பம்ப் போய்விட்டதா?

பதில்: திருப்பிச் சுற்றுகிறது. சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சக்கரம் சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும் வகை) தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும், அதனால்தான் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. இன்வெர்ட்டரை அணைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஜெனரேட்டரும் இருந்தால் அதன் ஃபேஸ் வரிசையையும் சோதியுங்கள். வரிசை பிசகினால் இன்வெர்ட்டர் செட் ஜெனரேட்டரை உள்ளே விடவே விடாது.